கைக்குட்டை, சுருக்குப் பை, பாவாடை: குழந்தைக்குத் தையல் கற்றுக்கொடுக்க முழுமையான வழிகாட்டி

எட்டு வயதுக் குழந்தை தன் பாவாடையைத் தானே தைத்துப் போட்டுக்கொள்ள முடியும். அதற்குப் பெரிய திறமை வேண்டாம், சொல்லிக்கொடுக்கும் வரிசை சரியாக இருந்தால் போதும். பல வீடுகளில் லீவு விட்டதும் குழந்தையை நேராக மெஷினில் உட்காரவைத்துவிடுகிறார்கள். நூல் அறுகிறது, ஊசி உடைகிறது, இரண்டே நாளில் ஆசை போய்விடுகிறது. இன்னும் சிலர் பொம்மைக்குச் சட்டை தைக்கச் சொல்கிறார்கள். பொம்மைச் சட்டை பார்க்கத்தான் சின்னது. கை வளைவையும் கழுத்து வளைவையும் உள்ளங்கை அகலத்துக்குள் அடக்கித் தைப்பது நமக்கே சிரமம்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வரிசை கைக்குட்டை, சுருக்குப் பை, பாவாடை. மூன்றிலும் வளைவே கிடையாது, எல்லாம் நேர்கோடு. ஒன்றில் பழகியது அடுத்ததில் அப்படியே உதவும். பையன்களுக்கும் இதே வரிசைதான், பாவாடைக்குப் பதில் தலையணை உறை. தெருமுனைத் தையல்கடையில் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் ஆண்தான். அதனால் மகனுக்கு எதற்கு என்ற கேள்வியே வேண்டாம்.

என்ன வயதில், எவ்வளவு நேரம்

ஐந்து, ஆறு வயதில் சாக்குத் துணியும் முனை மழுங்கிய பெரிய ஊசியும் கம்பளி நூலும் போதும். மேலே வா, கீழே போ என்ற ஓட்டம் கைக்கு வந்தால் சரி. ஏழு வயதுக்கு மேல் உண்மையான ஊசி கொடுக்கலாம். மெஷினுக்கு வயதைவிட உயரம்தான் கணக்கு. நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தபடி பாதம் முழுவதும் மிதியில் பதிய வேண்டும். பெரும்பாலும் ஒன்பது, பத்து வயதில் அது எட்டிவிடும். அதுவரை பாவாடையைக் கையாலேயே தைக்கட்டும், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஒரு தடவைக்கு அரைமணி நேரம் போதும். இன்னும் கொஞ்சம் என்று குழந்தை கேட்கும்போதே எடுத்துவைத்துவிட்டால் மறுநாள் தானாக வந்து உட்காரும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் உட்காருங்கள். விளக்கு வைத்த பிறகு ஊசியைத் தொடாதே என்று பாட்டிமார் சொல்வதற்குச் சாத்திரக் காரணம் எதுவாக இருந்தாலும், கண்ணுக்கு அது நல்ல யோசனை.

சாமான்கள்

கை ஊசியில் எண் குறையக் குறைய ஊசி பெரிதாகும். குழந்தைக்கு 5 அல்லது 6ஆம் எண், அதுவும் எம்பிராய்டரி ஊசியாக இருந்தால் நல்லது. அதன் கண் நீளமானது, நூல் சுலபமாக நுழையும். நூல் துணியின் நிறத்திலேயே வேண்டாம். வெளிர் துணிக்கு அடர்ந்த சிவப்போ நீலமோ கொடுங்கள். தையல் எங்கே போகிறது என்று குழந்தைக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

கத்தரி ஐந்தாறு இஞ்ச் நீளத்தில் சின்னதாக, ஆனால் கூராக இருக்க வேண்டும். மொட்டைக் கத்தரிதான் ஆபத்து. வெட்டாத கத்தரியைக் குழந்தை அழுத்திப் பிடிக்கும், துணி வழுக்கும், விரல் மாட்டும். இந்தக் கத்தரியால் காகிதம் வெட்டக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இவற்றோடு ஒரு டேப், ஒரு சாக், பத்து குண்டூசி, இரண்டு ஊக்கு, தையல் பிரிக்கும் கருவி இருந்தால் போதும்.

குண்டூசியை எண்ணி எடுத்து எண்ணி வைக்க வேண்டும். பத்து வெளியே வந்தால் பத்தும் டப்பாவுக்குத் திரும்பிய பிறகுதான் பாயைச் சுருட்டுவது. ஊசியை வாயில் கவ்வுவது, போட்டிருக்கும் சட்டையில் குத்திவைப்பது இரண்டும் கூடாது. நாம் செய்தால் அவர்களும் செய்வார்கள், அதனால் இந்த விதி நமக்கும் உண்டு.

துணிக்கு ஒரு பழைய கைலி

தையல் பழக என்னைக் கேட்டால் கட்டம் போட்ட பருத்திக் கைலியைப் போன்ற துணி வேறில்லை. அந்தக் கட்டங்கள் மேலே அச்சடித்தவை அல்ல, சாயம் தோய்த்த நூலையே பாவிலும் (நீளவாட்டு இழை) ஊடையிலும் (குறுக்கு இழை) ஓட்டி நெய்தவை. அதனால் கோடு எங்கே போகிறதோ அங்கேதான் இழையும் போகிறது. கோட்டின் மேல் வெட்டினால் துணி இழைநேராக வெட்டுப்படும், கோட்டின் மேல் தைத்தால் தையல் நேராக வரும். உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்ற குழப்பமும் இல்லை, இரண்டும் ஒன்றுபோல இருக்கும். உட்காரும் இடம் நைந்திருக்கும், அதை ஒதுக்கிவிட்டு ஓரங்களிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஊசி, நூல், முடிச்சு

நூல் எவ்வளவு நீளம்? குழந்தையின் கையாலேயே ஒரு முழம், கூட ஒரு சாண். அதற்கு மேல் போனால் சிக்கும். நூல்கண்டிலிருந்து முதலில் வெளிவந்த முனையை ஊசியில் கோர்த்து, வெட்டிய முனையில் முடிச்சுப் போட வேண்டும். மாற்றிப் போட்டால் முறுக்கு எதிர்த்துக்கொண்டு நூல் சீக்கிரம் சுருளும்.

முடிச்சுக்கு, நூல் முனையை ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு சுற்றுச் சுற்றி, கட்டைவிரலால் உருட்டித் தள்ளி, இழுக்க வேண்டும். இந்த உருட்டல் வருவதற்குள் குழந்தைகள் திணறிப்போவார்கள். நம் கை பரபரக்கும், வாங்கி ஒரே நொடியில் போட்டுக் கொடுத்துவிடத் தோன்றும். கொடுக்காதீர்கள். உங்கள் கையில் வேறொரு ஊசியும் நூலும் வைத்துக்கொண்டு மெதுவாகச் செய்து காட்டுங்கள். குழந்தையின் துணியை நம் கை தொடாமல் இருப்பதுதான் இந்த முழு வேலையிலும் கடினம், என்னைப் பொறுத்தவரை முக்கியமும் அதுதான்.

வலதுகைப் பிள்ளையாக இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். இடதுகைப் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல நம் கையைப் பார்த்து அப்படியே செய்யும். அந்தப் பிள்ளை இடமிருந்து வலமாகத் தைக்கும், அதுதான் அதற்குச் சரி. இடதுகைக் கத்தரி கிடைத்தால் வாங்கிக் கொடுங்கள். சாதாரணக் கத்தரியை இடது கையில் பிடித்தால் அலகுகள் விலகித் துணி மடங்கும்.

இரண்டாம் படி: கைக்குட்டை

கைலியிலிருந்து பன்னிரண்டு இஞ்ச் சதுரம். அதை வெட்டுவதற்கு முன் ஒரு வேலையைக் காட்டுங்கள். ஓரத்தில் ஊசி முனையால் ஒரே ஒரு இழையைக் கிளப்பி, நகத்தால் பிடித்து மெல்ல உருவ வேண்டும். இழை வர வரத் துணி சுருங்கிக்கொண்டே போகும். சுருக்கத்தை விரலால் நீவிவிட்டு மறுபடி இழுத்தால், இழை இருந்த இடத்தில் முடி அகலத்துக்கு ஒரு சந்து தெரியும். அந்தச் சந்தின் வழியே வெட்டினால் ஸ்கேலே வேண்டாம். என் அக்கா மகள் இதை முதல்முதலில் பார்த்தபோது, "சித்தி, துணி முழுக்க நூலா?" என்று கேட்டுவிட்டு, வெட்டுவதையே மறந்து இன்னும் நாலு இழை உருவிப் பார்த்தாள். உருவட்டும். துணி எதனால் ஆனது, ஏன் ஒரு வாட்டில் இழுத்தால் விறைப்பாக நிற்கிறது, குறுக்காக இழுத்தால் ஏன் நீள்கிறது என்பதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் விரலுக்கே புரிந்துவிடும்.

பிறகு ஓரத்தைக் கால் இஞ்ச் மடித்து நகத்தால் கீறி அழுத்துவது, அதே அளவு மறுபடியும் மடிப்பது. கட்டக் கோடு இருப்பதால் அளவு தவறாது. மடிப்பு விலகாமலிருக்கப் பெரிய பெரிய தையலாக டேக்கிங் போட்டுக்கொள்ள வேண்டும். அதன் மேல் ஓட்டுத் தையல், அதாவது ஊசி மேலும் கீழுமாக ஓடும் சாதாரணத் தையல். தையல் எல்லாம் அரிசி நீளத்தில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் பக்கம் கோணல்மாணலாகத்தான் வரும். நாலாவது பக்கத்தை முதல் பக்கத்தோடு வைத்துப் பார்க்கச் சொன்னால் வித்தியாசத்தைக் குழந்தையே சொல்லும்.

பிரிப்பதா, விடுவதா என்று ஒவ்வொரு முறையும் கேள்வி வரும். நான் பார்ப்பது ஒன்றுதான்: இந்தத் தையல் பிரிந்துபோகுமா? போகாது என்றால் கோணல் இருக்கட்டும். போகும் என்றால் யார் தைத்தார்களோ அவர்களே பிரிக்க வேண்டும். குழந்தை தூங்கிய பிறகு நாம் பிரித்து நேராகத் தைத்து வைப்பது மட்டும் கூடவே கூடாது. காலையில் எடுத்துப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடும், தன் வேலை நமக்குப் பிடிக்கவில்லை என்றும் முடிவுகட்டிவிடும்.

மூன்றாம் படி: சுருக்குப் பை

ஒன்பது இஞ்ச் அகலம், இருபத்துநான்கு இஞ்ச் நீளத்துக்கு ஒரு துண்டு. உள்பக்கம் வெளியே தெரியும்படி இரண்டாக மடித்தால் பன்னிரண்டு இஞ்ச் உயரம். இரண்டு பக்கமும் அரை இஞ்ச் உள்ளே தள்ளித் தைக்க வேண்டும். இங்கே ஓட்டுத் தையல் தாங்காது, கெட்டித் தையல் கற்றுக்கொடுங்கள். ஊசி முன்னால் ஒரு தையல் தள்ளி மேலே வந்து, பின்னால் ஏற்கெனவே முடிந்த தையலின் முனையில் இறங்க வேண்டும். ஓட்டுத் தையல் போட்டு இரண்டு கையாலும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், இடையிடையே வாய் திறக்கும். கெட்டித் தையல் திறக்காது. ஏன் என்று விளக்கவே வேண்டியிருக்காது.

பக்கத் தையல் மேல்வரை போகக் கூடாது, வாயிலிருந்து இரண்டரை இஞ்ச் கீழேயே நிறுத்திவிட வேண்டும். தைக்காமல் விட்ட அந்த இடத்தில் இரண்டு பக்க ஓரத்தையும் உள்ளே மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். பிறகு வாயை முதலில் கால் இஞ்ச், அடுத்து ஒரு இஞ்ச் மடித்து, மடிப்பின் கீழ் ஓரத்தில் முன்பக்கம் தனியாக, பின்பக்கம் தனியாகத் தைத்தால் நாடாப் பட்டி தயார். இருபத்துநான்கு இஞ்ச் நாடா இரண்டு. நாடா முனையில் ஊக்கு மாட்டி ஒன்றை வலப்பக்கம் நுழைத்து முழுச் சுற்றும் ஓட்டி அதே பக்கம் எடுத்து முடிச்சுப் போட வேண்டும். இன்னொன்றை இடப்பக்கத்திலிருந்து அதேபோல. பட்டிக்குள் ஊக்கு தள்ளித் தள்ளி நகர்வதும் பின்னால் துணி சுருங்குவதும் பிள்ளைகளுக்கு அலுப்பதே இல்லை. இரண்டு பக்கமும் சேர்த்து இழுத்தால் பை மூடிக்கொள்ளும்.

இந்தப் பையை நன்றாகப் பாருங்கள். அடிப்பக்கம் மூடாமல் திறந்திருந்து, நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் ஓடினால் அது பாவாடை. குழந்தையிடம் இதை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். நாடா மேலே வரும்படி பையை இடுப்பில் வைத்துக் காட்டினால் போதும்.

நாலாம் படி: மெஷின்

கால் எட்டுகிற குழந்தைக்குக் கால் மெஷின்தான் நல்லது, காலின் வேகத்துக்கு மேல் அது ஓடாது. முதலில் சக்கரத்தின் நடுத் திருகைத் தளர்த்தி ஊசி அசையாதபடி செய்து, வெறுமனே மிதிக்கப் பழக்குங்கள். கையால் சக்கரத்தைத் தன் பக்கமாக உருட்டித் தொடங்க வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கும், அறுபடும். மோட்டார் மெஷின் என்றால் வேகத்தைக் குறைத்துவைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மிதியின் கீழ் ஒரு சின்ன மரக்கட்டை வைத்து முழுவதும் அழுந்தாமல் செய்யலாம். தலைமுடியைப் பின்னிக் கட்டிவிடுங்கள், தாவணி, துப்பட்டா எதுவும் தொங்கக் கூடாது.

மிதி பழகியதும் கோடு போட்ட நோட்டுத் தாள். நூல் வேண்டாம், பழைய ஊசி போதும். கோட்டின் மேலேயே ஊசி ஓட்டை விழ வேண்டும். நேர்கோடு வந்த பிறகு சதுரம்: மூலையில் ஊசி தாளுக்குள் இறங்கி நிற்க, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தைத் தூக்கி, தாளைத் திருப்பி, பாதத்தை இறக்க வேண்டும். காகிதம் ஊசியை மழுக்கும், அதனால் துணிக்குப் போகும்போது ஊசியை மாற்றுங்கள். சாதாரண பருத்திக்கு 14, மெல்லிய துணிக்கு 11.

ஊசியிலிருந்து அரை இஞ்ச் வலப்பக்கம் தள்ளி மெஷின் தட்டில் ஒரு துண்டு வண்ண டேப் ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அந்த டேப்பை உரசியபடி போனால் அரை இஞ்ச் தையல் நேராக விழும். கண் டேப்பைப் பார்க்க வேண்டும், ஊசியைப் பார்த்தால் கோணும். பாதத்துக்கு முன்னால் இரண்டு விரல் அகலத்தில் இன்னொரு டேப். அது விரலுக்கு லட்சுமணக் கோடு.

பிள்ளைகளிடம் வரும் தொல்லைகள் பெரும்பாலும் மூன்றுதான். பாதத்தை இறக்காமல் மிதிப்பார்கள், கீழே நூல் கொத்தாகச் சுருண்டுவிடும். துணியைப் பிடித்து இழுப்பார்கள், ஊசி வளைந்து உடையும். கீழே இருக்கும் பல் தானே துணியை நகர்த்தும், கை வழிகாட்டினால் போதும். அடியில் தளர்ந்த வளையம் வளையமாகத் தெரிந்தால், கீழ்நூல் சுற்றியிருக்கும் பாபினைத் திருகத் தொடங்காமல் மேல்நூலை முழுவதும் கழற்றி, பாதத்தைத் தூக்கிவைத்து, முதலிலிருந்து கோர்க்கச் சொல்லுங்கள். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். ஊசி உடைந்தால் இரண்டு துண்டும் கையில் கிடைத்த பிறகுதான் மறுவேலை.

ஐந்தாம் படி: பாவாடை

இதற்குப் புதுத் துணி வாங்குங்கள், கடைக்குக் குழந்தையையும் கூட்டிப் போங்கள். 44 இஞ்ச் அகலத்தில் பருத்தி பாப்ளின், 75 சென்டிமீட்டர். சாட்டின், ஜார்ஜெட், வழுக்கும் பட்டு எதையும் கேட்டு அழுதாலும் இப்போதைக்கு வேண்டாம். தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, முறுக்காமல் நிழலில் காயப்போட்டு, லேசான ஈரத்தோடு இஸ்திரி போட்டுவிடுங்கள். சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கட்டும். சாயம் விடும், மற்ற துணியோடு சேர்க்காதீர்கள்.

இடுப்பு 22 இஞ்ச், முழங்காலுக்குக் கீழ்வரை உயரம் 20 இஞ்ச் உள்ள எட்டு வயதுப் பிள்ளைக்கு நான் போடும் கணக்கு இது. உயரத்தோடு எலாஸ்டிக் பட்டிக்கு ஒன்றேகால், கீழ் மடிப்புக்கு மூன்று, இரண்டு டக்குக்கு (பிள்ளை வளர்ந்ததும் பிரித்து இறக்குவதற்காகத் தைத்துவைக்கும் மடிப்பு) மூன்று இஞ்ச் சேர்த்தால் இருபத்தேழேகால். 75 சென்டிமீட்டர் என்பது இருபத்தொன்பதரை இஞ்ச், சுருங்கியது போக மிச்சம் கையில் இருக்கும். அகலத்துக்கு 44 இஞ்சையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், இடுப்புக்குச் சரியாக இரண்டு மடங்கு. வெட்ட வேண்டியது உயரம் மட்டுமே.

இந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. துணியின் இரண்டு கரையும் பக்கத் தையலில் ஒன்றோடொன்று சேர்கின்றன. கரை பிரியாது, ஓரம் பிரியாமலிருக்கக் கடையில் போடும் ஓவர்லாக் தையல் வேண்டாம். கடைக்கு ஓடாமல் குழந்தையே தொடங்கிக் குழந்தையே முடிக்கிறது.

நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க மடித்து, கரையோடு கரை சேர்த்துக் குண்டூசி குத்தி, அரை இஞ்ச்சில் ஒரே தையல். மெஷின் இல்லையென்றால் கையால் கெட்டித் தையல். துணி இப்போது குழாய் மாதிரி நிற்கும். தையலை விரித்து இஸ்திரி போடுங்கள். இஸ்திரிப் பெட்டி மட்டும் பெரியவர்கள் கையில்.

மேலே கால் இஞ்ச், பிறகு ஒரு இஞ்ச் மடித்து, மடிப்பின் கீழ் ஓரத்தில் சுற்றித் தைக்கவும். பக்கத் தையல் அருகே ஒன்றரை இஞ்ச் திறந்து விட வேண்டும், எலாஸ்டிக் அதன் வழியாகத்தான் போகும். முக்கால் இஞ்ச் எலாஸ்டிக்கை இருபத்தோரு இஞ்ச் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையில் ஊக்கு மாட்டி உள்ளே தள்ளுவதைக் குழந்தை பையிலேயே பழகியிருக்கும். மறுமுனையை இன்னொரு ஊக்கால் துணியோடு சேர்த்துக் குத்திவிடுங்கள், இல்லையென்றால் அதுவும் உள்ளே போய்விடும். முறுக்கிக்கொள்ளாமல் வந்ததா என்று தடவிப் பார்த்து, முனைகளை ஒரு இஞ்ச் ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஊக்குக் குத்தி, ஒரு முறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடி, உட்கார்ந்து, குனிந்து பார்க்கட்டும். இறுக்கினால் தளர்த்திவிட்டு அதன் பிறகு சதுரமாகத் தைத்து, விட்ட வாயை மூடலாம்.

கீழ் மடிப்பு அரை இஞ்ச், பிறகு இரண்டரை இஞ்ச். இதைக் கையால் ஹெம்மிங் செய்வதே அழகு. மடிப்பின் விளிம்பைக் குத்தி, முன்துணியில் ஒன்றிரண்டு இழையை மட்டும் எடுத்து, மறுபடி விளிம்பு. நாற்பத்துமூன்று இஞ்ச் சுற்று ஒரே நாளில் முடியாது, அவசரமும் இல்லை.

கடைசியாக டக். வளரும் பிள்ளையின் பாவாடையில் டக் வைக்காமல் தைத்த காலமே நம் வீடுகளில் இல்லை, அதை விட்டுவிடக் கூடாது. கீழ் மடிப்புக்கு இரண்டு இஞ்ச் மேலே ஒரு கோடு, அதற்கு ஒன்றரை இஞ்ச் மேலே இன்னொரு கோடு என்று சாக்கால் சுற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழ மடித்துத் தைத்தால் முக்கால் இஞ்ச் டக். அதற்கு மேல் இதேபோல இன்னொன்று, கீழே படியும்படி இஸ்திரி. பக்கத் தையலுக்கு முன்பே டக் போட்டுவிட்டால் அதன் முனை தையலுக்குள் மாட்டிக்கொள்ளும், அடுத்த வருடம் இறக்கும்போது பக்கத்தையும் பிரிக்க வேண்டிவரும். அதனால்தான் இது கடைசியில். டக்குக்கு மட்டும் தையலைக் கொஞ்சம் நீளமாக வைத்தால் பிரிப்பது சுலபம். ஒவ்வொரு டக்கும் ஒன்றரை இஞ்ச் உயரம் தரும், கீழ் மடிப்பிலும் இரண்டு இஞ்ச் வரை இறக்கலாம்.

அடுத்து

பாவாடைக்குப் பிறகு நேராக ஜாக்கெட்டுக்குத் தாவ வேண்டாம். இடையில் ஒரு சிம்மீஸ் தைக்கட்டும். கழுத்தும் கை வளைவும் அங்கேதான் முதலில் வரும், வளைவுக்குக் குறுக்குவாட்டில் வெட்டிய க்ராஸ் பட்டி ஏன் வேண்டும் என்பதும் அங்கேதான் புரியும். கைக்குட்டைக்கு இழை உருவிய நாளில் துணியைக் குறுக்காக இழுத்துப் பார்த்த பிள்ளைக்கு அதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அளவுக்கு, சரியாகப் பொருந்தும் பழைய சிம்மீஸ் ஒன்றைப் பிரித்துக் காகிதத்தில் வைத்து வரைந்துகொள்ளுங்கள். பிரிக்கும் வேலையையும் குழந்தைக்கே கொடுங்கள், எந்தத் துண்டு எதோடு சேர்ந்திருந்தது என்று பிரிக்கும்போதுதான் நன்றாகத் தெரியும்.